சத்தம் வராத ஈயம்

புளி ஊறி வெகுநேரம் ஆயிற்று. கரைத்து வடிகட்ட வேண்டியதுதான். ஆனால் கையைக் கிண்ணத்துக்குள் விட்டபடி அப்படியே நிற்கிறேன். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கிறது. கை அதற்குள் சும்மா கிடக்கிறது, யாருடைய கையோ போல. புளியை ஊறப்போட்டுவிட்டுத் திரும்பும்போதுதான் போன் வந்தது. டாக்டரம்மா. சின்ன வயசு, என் மகள் செண்பகத்தைவிட இளையவளாக இருப்பாள், எப்போதும் மெதுவாகத்தான் பேசுவாள். "அம்மா, நீங்க கொண்டாந்து குடுத்த பாத்திரமெல்லாம் டெஸ்ட் பண்ணி ரிப்போர்ட் வந்துட்டு. பித்தளைப் பானையும் உருளியும் ஒண்ணும் பண்ணாது. அந்தச் சின்ன சொம்புதான். ஈயச்சொம்புன்னு சொன்னீங்களே, அது வெள்ளீயம் இல்லம்மா. முக்காவாசி காரீயம். சாரோட ரத்தத்துல இருக்கிறது அதுதான்." கூடத்துக்குக் கேட்காமல் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். "அதுல என்னம்மா செய்வீங்க?" என்று கேட்டாள். "ரசம்," என்றேன். "தினமுமா?" "தினமும்." "புளி பட்டா அது கரைஞ்சு எறங்கிரும்மா," என்றாள். பிறகு, "சார்கிட்ட நீங்க சொல்லுதீங்களா, இல்ல வெள்ளிக்கிழமை வரும்போது நான் சொல்லட்டுமா?" என்றாள். நானே சொல்லிருதேன் என்றேன். ரொம்ப நன்றிம்மா என்றும் சொன்னேன். எதற்கு நன்றி? அவள் என்ன கல்யாணச் செய்தியா சொன்னாள்? போனை வைத்ததும் கூடத்திலிருந்து இவர் கேட்டார், "யாரு மொழி போன்ல?" என் பெயர் குழல்வாய்மொழி. இவருக்கு அது மொழி மட்டும்தான். "ஆவுடைங்க. சாயங்காலம் கோயிலுக்கு வாரியான்னு கேக்கா," என்றேன். யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொல்லிற்று. இத்தனை சுலபமாக என்னால் பொய் சொல்ல முடியுமென்று எனக்கே இன்றைக்குத்தான் தெரியும்.

கரைக்கிறேன். புளி கையில் வழுவழுவென்று பிரிகிறது, கோது ஒரு பக்கம், சாறு ஒரு பக்கம். கரைந்து இறங்கும் என்றாளே. என்னவோ சர்க்கரை கரைகிற மாதிரி சொன்னாள். இத்தனை நாளும் நான் புளியைத்தான் கரைத்துக்கொண்டிருப்பதாக நினைத்தேன். சொம்பும் கூடவே கரைந்துகொண்டிருந்திருக்கிறது. நான் கரண்டியால் கிளறிக் கிளறி அதற்கு ஒத்தாசை செய்திருக்கிறேன். காரீயம், வெள்ளீயம். கேட்பதற்கு அக்கா தங்கை பெயர் மாதிரி இருக்கிறது. ஒன்று சோறு போடுமாம், ஒன்று ஆளைக் கொல்லுமாம். பார்க்க இரண்டும் ஒன்றுதான், அதே வெளுப்பு, அதே மங்கல். கடைக்காரர் எலுமிச்சம்பழத் தோலால் தேய்த்துத் தேய்த்து வைத்திருந்தார். நிலா மாதிரி இருந்தது. கோயிலுக்குப் பின்னால் உள்ள சந்தில் பழைய சாமான் கடை அது. கதவு, தூண், மரப்பெட்டி, சுவர்க்கடிகாரம், கால் உடைந்த ஊஞ்சல், எல்லாம் எந்தெந்த வீட்டிலிருந்தோ வந்து ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கும். பழசு என்றால் நல்லது என்று யார் எனக்குச் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. எல்லோரும் சொன்னார்கள். பேப்பரில், டிவியில், கல்யாண வீட்டில் பக்கத்து இலைக்காரி. அந்தக் காலத்துச் சாமான், அந்தக் காலத்து ருசி. "வெறுமனே அடுப்புல வைக்காதீங்கம்மா, உருகிரும். தண்ணி ஊத்திட்டு வைக்கணும்," என்று கடைக்காரர் அக்கறையாகச் சொல்லித்தான் கொடுத்தார். உருகினால் தப்பு என்று சொன்னவர் கரைந்தால் என்ன என்று சொல்லவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது. தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். எனக்குத் தெரியாததுபோலவே. இங்கேதான் மனசு போய் முட்டுகிறது. எனக்குத் தெரியாததுபோலவே என்று சொன்னால் நான் முழுக்கத் தெரியாதவளாக இருக்க வேண்டுமே.

தக்காளியை நசுக்கிப் போடுகிறேன், மஞ்சள்பொடி, பெருங்காயம், உப்பு. எவர்சில்வர் பாத்திரம், போன தீபாவளிக்குச் செண்பகம் வாங்கித் தந்தது. அடுப்பைப் பற்றவைக்கிறேன். ஏன் வாங்கினேன் அந்தச் சொம்பை? இவருக்காக. இவர் வாயை அடைப்பதற்காக. இரண்டும் உண்மை. கல்யாணமாகி வந்த மறுநாள் நான் வைத்த ரசத்தைக் குடித்துவிட்டு இவர் சொன்னது, "எங்க அக்கா ஈயச்சொம்புல வைப்பா. அது ரசம்." அன்றைக்கு ஆரம்பித்தது. நான் எப்படி வைத்தாலும் அது வெந்நீர், அது கழுநீர், அது ஆஸ்பத்திரிக் கஷாயம். ஊருக்கெல்லாம் நல்ல மனுஷர்தான். கைலாசம் சார் என்றால் இன்றைக்கும் பஸ்ஸில் எழுந்து இடம் தருகிறார்கள். பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக எத்தனையோ பிள்ளைகளின் கையைப் பிடித்து வட்டம் போடக் கற்றுக்கொடுத்தவர். வீட்டில் மட்டும் ஒரு வாய் உண்டு இவருக்கு, ஊசி மாதிரி. குத்தினது தெரியாது, அப்புறம் நாளெல்லாம் கடுக்கும். அக்கா செத்துப்போனபோது அவள் சொம்பை அவள் மருமகள் எடுத்துக்கொண்டாள். கேட்டால் கொடுத்திருப்பாளோ என்னவோ, நான் கேட்கவில்லை. அவள் சொம்பில் வைத்தால் அது அக்கா ரசம்தானே. எனக்கு என் சொம்பு வேண்டும். அந்தச் சந்துக்கடையில் அதைப் பார்த்ததும் வேறு எதையும் பார்க்கவில்லை. புதுசாகக் கிடைக்கிறது, வெள்ளீயம் என்று கடைக்காரர்கள் எழுதியே தருகிறார்கள். ஆனால் எனக்குப் பழசுதான் வேண்டியிருந்தது, அக்காவுடையதைவிடப் பழசு. அன்றைக்கு மதியம் இவர் ரசத்தை ஒரு வாய் குடித்தார். நிறுத்தினார். இன்னொரு வாய் குடித்தார். நான் அடுக்களை நிலையில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றேன். "நல்லாருக்கு," என்றார். என்னைப் பார்க்கவில்லை, டம்ளரைப் பார்த்துத்தான் சொன்னார். "இன்னுங் கொஞ்சம் ஊத்து." ஒரு பெரிய மனுஷிக்கு, பேரன் எடுத்தவளுக்கு, அந்த ஒரு சொல்லுக்கு உள்ளே அப்படிக் குளிர வேண்டுமா? குளிர்ந்தது. சாயங்காலம் வரை தரையில் கால் பாவவில்லை. மறுநாள் வைத்தேன். அதற்கு மறுநாளும் வைத்தேன். இவரும் ஒவ்வொரு நாளும் இரண்டாவது டம்ளர் கேட்டார்.

கொதி வர ஆரம்பித்துவிட்டது. பச்சை வாசனை போக வேண்டும். ஆவுடை. ஆவுடை அன்றைக்கு வந்தாள் இல்லையா, மூன்றாம் வீட்டு ஆவுடையம்மாள். போனில் பேசியதாக நான் பொய் சொன்னேனே, அவள்தான். சொம்பு வாங்கிக் கொஞ்ச நாளில் உறைமோர் கேட்டு வந்தவள் மேடையில் கவிழ்த்து வைத்திருந்ததைப் பார்த்தாள். "புதுசா?" என்றாள். பழசு என்றேன் பெருமையாக. எடுத்துப் பார்த்தாள், கனம் பார்க்கிறமாதிரி உள்ளங்கையில் தூக்கித் தூக்கி. பிறகு விளிம்பைக் கட்டைவிரலால் பிடித்து லேசாக வளைத்தாள், காதுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. "என்னளா செய்யுத? ஒடச்சிராத," என்றேன். "இல்லக்கா, நல்ல ஈயம்னா வளைக்கும்போது கறுக் கறுக்னு ஒரு சத்தம் வரும். எங்க வீட்டுல உள்ளது அப்பிடித்தான். இது வாயே தெறக்கல பாருங்க." எனக்குச் சுருக்கென்றது. "உன் காதுக்கு என்ன கோளாறோ," என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. சேலை முந்தானையால் சொம்பைத் துடைத்துவிட்டு முந்தானையைக் காட்டினாள். பென்சில் கிறுக்கினமாதிரி ஒரு கறுப்பு. "கொஞ்சம் வெசாரிச்சுக்கிடுங்கக்கா," என்றாள். பொறாமை என்று நினைத்தேன். அவள் சொம்பு புதுசு, என் சொம்பு பழசு, அதுதான். அவள் போன பிறகு நானே வளைத்துப் பார்த்தேன். இதைச் சொல்லியாக வேண்டும், எனக்குள்ளாவது சொல்லியாக வேண்டும். நான் வளைத்துப் பார்த்தேன். காதுக்குப் பக்கத்தில் வைத்து, குழாயை மூடிவிட்டு, மூச்சை நிறுத்திக்கொண்டு. சத்தம் வரவில்லை. வெண்ணெய் மாதிரி வளைந்தது. நான் என்ன செய்தேன்? வளைந்ததை நிமிர்த்திவிட்டேன். புளிக்கரைசலை ஊற்றி அடுப்பில் வைத்தேன். ஏனென்றால் நேரமாகிவிட்டது. ஏனென்றால் இவர் இரண்டாவது டம்ளர் கேட்பார். அப்போது எனக்குத் தெரிந்ததா தெரியாதா? விஷம் என்று தெரியாது, சத்தியமாகத் தெரியாது. ஆனால் ஏதோ சரியில்லை என்று கை சொன்னது. கை சொன்னதை நான் கேட்டுக்கொள்ளவில்லை. அதற்கு என்ன பெயர்? தெரிந்தது என்பதா, தெரியாதது என்பதா? இரண்டுக்கும் நடுவில் ஒரு சொல் இருந்தால் நான் அதற்குள் ஒளிந்துகொள்ளலாம்.

நான் ரசம் குடிப்பதில்லை. வயிற்றுப்புண் வந்த காலத்தில் புளிப்பை நிறுத்தினது, மோர்ச்சோறோடு சரி. அதனால் என் ரத்தம் நல்ல ரத்தம். டாக்டரம்மா எனக்கும் எடுத்துப் பார்த்துவிட்டாள். பொங்கலுக்கு வந்துபோன செண்பகத்துக்கும் பிள்ளைக்கும்கூட கோயம்புத்தூரிலேயே பார்த்தார்கள், கடவுளே, ஒன்றுமில்லை. அவர்கள் இருந்த நாளெல்லாம் இவர்கூட வேலைபார்த்த சேக்காளி வீட்டுக் கல்யாணம், விருந்து என்று ரசமே வைக்காமல் போனது எந்த தெய்வத்தின் கருணையோ. குழந்தை டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடிக்கும். வேண்டாம். நடக்காததை நினைக்க வேண்டாம், நடந்ததே போதும். நடந்தது மெதுவாகத்தான் நடந்தது. முதலில் வயிற்றுவலி. சுருட்டிப் பிடிக்குது என்பார். மலச்சிக்கல் என்று ஒரு டாக்டர், வாயு என்று ஒரு டாக்டர், ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று இன்னொரு டாக்டர். கோபம் முன்னைவிட அதிகமாயிற்று. தட்டைத் தள்ளினார், சேனலை மாற்றினதற்குக் கத்தினார், ஒருநாள் பால்காரரை அடிக்கப் போனார். அன்றைக்குத்தான் நான் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது, சொன்னேன். "இந்த வாய்க்கு ஒருநாள் இல்லாட்டி ஒருநாள் ஏதாவது வந்து அடங்கத்தான் போகுது, பாருங்க." அடங்கிற்று. கொஞ்சம் கொஞ்சமாக அடங்கிற்று. முகம் வெளுத்தது, பேச்சு குறைந்தது, கேட்டால் பதில் சொல்ல நேரமெடுத்தது, பெயர்கள் மறந்தன. குத்தலே இல்லை. ஈஸிசேரில் சாய்ந்து முற்றத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். வீடு அமைதியாக இருந்தது. எனக்கு, எப்படிச் சொல்வேன், எனக்கு அது பிடித்திருந்தது. மதியம் கொஞ்சம் கண்ணயர முடிந்தது. டிவியில் எனக்குப் பிடித்ததைப் பார்த்தேன். வயசாக ஆக மனுஷன் பக்குவப்பட்டுவிட்டார் என்று ஆவுடையிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் செத்துக்கொண்டிருந்தார், நான் அதைப் பக்குவம் என்றேன்.

பருப்புத்தண்ணீர் ஊற்ற வேண்டும். ஊற்றுகிறேன். மிளகும் சீரகமும் தட்டி வைத்ததைப் போடுகிறேன். தீயைக் குறைக்கிறேன். இவர் கூடத்தில் இருமுகிறார். அப்புறம் அந்தக் கை. வலது கை. ஒருநாள் பிரஷ்ஷைப் பிடித்துக்கொண்டிருந்தவர் அது கீழே விழுந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மணிக்கட்டு தொங்கிவிட்டது, தண்ணீர் இல்லாத செடி மாதிரி. தூக்கினால் நிற்காது. பக்கவாதம் என்று பதறிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கேதான் இந்த டாக்டரம்மா, உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்து, நகத்தைப் பார்த்து, ரத்தம் எடுத்து அனுப்பினாள். உடம்பில் காரீயம் என்றாள். "சார் என்ன வேலை பாத்தாங்க?" டிராயிங் மாஸ்டர் என்றேன். "அப்போ பெயிண்ட்?" என்று கேட்டாள். ஆமாம், நிறைய என்றேன். ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன். இவரும் படுக்கையிலிருந்தபடி மெதுவாகச் சொன்னார், "பிரஷ் நுனிய வாயில வச்சுத்தான் கூர் பண்ணுவேன் டாக்டர். சின்னப் பிள்ளையிலேர்ந்து பழக்கம். பழைய கலர் டப்பா நெறைய வச்சிருக்கேன்." டாக்டரம்மா எழுதிக்கொண்டாள். எல்லாருக்கும் நிம்மதி. காரணம் கிடைத்துவிட்டது. இவர் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே நான் வீட்டுக்கு வந்து, இவர் படம் போடும் மச்சுக்குப் போய் அத்தனையையும் சாக்கில் அள்ளினேன். டப்பாக்கள், குழாய்க் கலர்கள், பிரஷ்கள், பாதியில் நின்ற குற்றாலத்துப் படம்கூட. குப்பை வண்டிக்காரர்களிடம் கொடுத்தேன். கோபமாகவே அள்ளினேன் என்று ஞாபகம். இதுதானே என்னை இந்தப் பாடு படுத்திற்று என்று. வீட்டுக்கு வந்தவர் மச்சுக்குப் போகவில்லை. அள்ளிப்போட்டுவிட்டேன் என்று நான்தான் சொன்னேன். "நல்லதுதான்," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஒன்னயும் கஷ்டப்படுத்திட்டேன் மொழி. என் புத்தி. வாயில வச்சு வாயில வச்சு நானே தின்னிருக்கேன்," என்றார். கல்யாணமான நாளிலிருந்து இவர் என்னிடம் தப்பு என்று ஒப்புக்கொண்டது அது ஒன்றுதான். செய்யாத தப்புக்கு. நான், "சரி விடுங்க, நடந்தது நடந்துபோச்சு," என்றேன். மன்னித்தேன்! இவரை நான் மன்னித்தேன்! கையில் அப்போது என்ன இருந்தது? டம்ளர். அதற்குள் என்ன இருந்தது?

உடம்பு தேற வேண்டும் என்று கூடுதலாக வைத்தேன். மிளகு கூட்டி, பூண்டு தட்டிப்போட்டு, காலையில் ஒரு டம்ளர், மதியம் சோற்றோடு, சாயங்காலம் சூடுபண்ணி ஒரு டம்ளர். ஆஸ்பத்திரியில் தேறிய மனுஷன் வீட்டுக்கு வந்து மறுபடி வெளுத்தார். கொஞ்சம் தூக்கத் தொடங்கியிருந்த கை மறுபடி தொங்கிற்று. இவருக்கே சந்தேகம், இன்னும் எங்கேயோ கலர் ஒட்டிக்கொண்டிருக்கிறதோ என்று. ஒருநாள் தன் பழைய சட்டைகளையெல்லாம் எரித்துவிடச் சொன்னார். எரித்தேன். முற்றத்தில் நின்று எரித்தேன், உள்ளே அடுப்பில் ரசம் நுரைத்துக்கொண்டிருந்தது. டாக்டரம்மா ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஏறியிருக்கே. பெயிண்ட்தான் இல்லையே. வீட்டுல பழைய பாத்திரம் ஏதும் பொழங்குதீங்களா?" அந்தக் கேள்வியில்தான் எனக்குக் கறுக் கறுக் கேட்டது. சொம்பில் கேட்காத சத்தம் அங்கே காதுக்குள் கேட்டது. வீட்டுக்கு வந்து பித்தளைப் பானை, உருளி, சொம்பு மூன்றையும் கூடையில் வைத்தேன். சொம்பை அடியில் வைத்தேன், பானைக்குள் போட்டு, மேலே துண்டு மூடி. யாருக்கு மறைத்தேன்? ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ்ஸில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு வேண்டுதல்தான், உருளியாக இருக்கட்டும். உருளி இவருடைய அம்மா கொண்டுவந்தது. உருளியாக இருக்கட்டும் அம்மா தாயே. பாவம், செத்தவள் மேல் போடப் பார்த்தேன்.

சந்துக்கடை. அங்கே இதே மாதிரிச் சொம்பு இன்னும் இருக்குமே. ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தார், நான் எடுத்தது மேலே இருந்தது. யாராவது ஒருத்தி மகளுக்குச் சீர் வைக்கிறேன் என்று வாங்கியிருப்பாள். அவள் வீட்டில் குழந்தை இருக்கும். போய்ச் சொல்ல வேண்டும். ஆவுடையைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும், அவளிடம் முதலில் சொல்ல வேண்டும். நீ அன்னைக்குச் சொன்னியேளா என்று ஆரம்பிக்க வேண்டும். சாயங்காலமே போக வேண்டும். ஆனால் முதலில் இவர். போன் வந்த கொஞ்ச நேரத்தில் செண்பகத்துக்குப் பேசினேன், கொல்லைப்பக்கம் போய், தாழ்ந்த குரலில். அவள் அழுதாள். பிறகு சட்டென்று, "அம்மா, அப்பாட்ட சொல்லாத," என்றாள். "ஏண்டி?" "பெயிண்டுன்னே இருக்கட்டுமே. டாக்டர்ட்ட நான் பேசிக்கிடுதேன். சொம்புதான் போயிட்டே, இனிமே ஏறாது. தெரிஞ்சா அவங்க உன்னை என்ன பாடு படுத்துவாங்கன்னு எனக்குத் தெரியும். சாகுற வரைக்கும் சொல்லிக் காட்டுவாங்க. உனக்கு எதுக்கும்மா?" எனக்கு எதுக்கு. அவள் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. யாருக்கும் நஷ்டமில்லை. இவர் உடம்பு எப்படியும் தேறும், கை வருமோ வராதோ அது சொன்னாலும் சொல்லாவிட்டாலும் ஒன்றுதான். நான் வாயைத் திறக்காமலிருந்தால் போதும். அந்தச் சொம்பு மாதிரி, வளைத்தாலும் சத்தம் காட்டாமல். இவர் தன் பிரஷ்ஷைத் திட்டிக்கொண்டிருப்பார். நான் இவரைப் பார்த்துக்கொள்வேன், சோறு பிசைந்து தருவேன், முதுகு தேய்த்துவிடுவேன், பார்க்கிறவர்கள் மொழி மாதிரி உண்டா என்பார்கள். இவரும் நினைப்பார். நன்றியோடு பார்ப்பார், இப்போதெல்லாம் பார்க்கிறாரே அந்த மாதிரி, மாட்டுக்கண் மாதிரி. அந்தப் பார்வையை நான் சாகும்வரை வாங்கிக்கொள்ள வேண்டும். அதை நினைத்தால் அவர் சொல்லிக்காட்டுவதே மேல் என்று இருக்கிறது. இல்லை, அதுவும் பொய். எனக்குப் பயமாக இருக்கிறது. சொல்லவும் பயம், சொல்லாமலிருக்கவும் பயம். நுரை கூடிவிட்டது. பொங்கவிடக் கூடாது. இறக்கிவிட்டேன். நெய்யில் கடுகு, வற்றல், கறிவேப்பிலை. சடசடவென்று வெடிக்கிறது. கொத்தமல்லியைக் கிள்ளிப்போடுகிறேன். வாசனை கூடம் வரை போயிருக்கும். "ஆயிட்டா மொழி?" என்று கேட்கிறார். ஆயிட்டு என்கிறேன். பாத்திரத்தைத் துணியால் பிடித்துத் தூக்குகிறேன். கூடத்துக்குக் கொண்டுபோகிறேன்.

மேஜை முன்னால் உட்கார்ந்திருக்கிறார். வலது கையை மடியில் வைத்து இடது கையால் அதை மூடிக்கொண்டு, பெண்பிள்ளைகள் உட்கார்கிறமாதிரி. எதிரே தட்டு, ஸ்பூன், டம்ளர். நான் பாத்திரத்தை வைத்ததும் அதைப் பார்க்கிறார். "சொம்பு எங்க? கொஞ்ச நாளா கண்ணுல காணல," என்றார். கழுவப் போட்டிருக்கு என்று சொல்லலாம். விரிசல் விட்டுட்டு என்று சொல்லலாம். எத்தனையோ பொய்கள் நாக்கு நுனியில் நிற்கின்றன. "அந்தச் சொம்புதாங்க," என்றேன்.

"என்னது?"

"ஒங்க ஒடம்புக்கு வந்தது. பெயிண்ட் இல்ல. சொம்பு. அது நல்ல ஈயம் இல்லையாம், காரீயமாம். புளி பட்டுக் கரைஞ்சிருக்கு. காலைல போன்ல பேசினது ஆவுடை இல்ல, டாக்டரம்மா."

இவர் என்னைப் பார்க்கவில்லை. டம்ளரையும் பார்க்கவில்லை. மடியில் கிடந்த கையைப் பார்த்தார். "நீ வாங்கிட்டு வந்தியே, அதா?"

"அதான்."

வெளியே தெருவில் யாரோ சைக்கிளைச் சாத்தும் சத்தம். இவர் யோசிப்பதற்கு இப்போதெல்லாம் நேரமாகும், நான் காத்திருந்தேன். எது வந்தாலும் வாங்கிக்கொள்வது என்று இருந்தேன். "அப்போ என் கலரு?" என்றார்.

"அது ஒண்ணும் பண்ணல."

"பிரஷ்ஷு?"

"அதுவும்தான்."

"குத்தாலம் படம் இருந்துதே."

"எல்லாத்தையும் சேத்துத்தான் போட்டேன்," என்றேன். இவர் உதடு லேசாகக் கோணிற்று. அழுகையா என்று தெரியவில்லை, நான் இவர் அழுது பார்த்ததில்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம். யாரும் அதற்குமேல் கேட்கவில்லை. ஆனால் தொண்டைவரை வந்துவிட்டது, இனி விழுங்க முடியாது. "ஆவுடை அப்பவே சொன்னா. வளைச்சுப் பாத்துட்டு, சத்தம் வரல, வெசாரிங்கன்னு சொன்னா. நானும் வளைச்சுப் பாத்தேன். வரல. நான் கேட்டுக்கிடல."

"ஏன்?" என்றார். கத்தவில்லை. சின்னப் பிள்ளை கேட்கிறமாதிரிக் கேட்டார், தெரிந்துகொள்வதற்காக மட்டும்.

ஏன் என்பதற்கு நான் எத்தனை பதில் யோசித்து வைத்திருந்தேன், அடுக்களையில் நின்று, எவ்வளவு நேரமாக. எல்லாம் போய்விட்டன. "நீங்க நல்லாருக்குன்னு சொன்னீங்க," என்றேன்.

இவர் அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்த மாட்டுக்கண் பார்வை இல்லை. நிறைய நேரம் பார்த்தார், என் முகத்தில் எதையோ அளக்கிறமாதிரி, படம் போடுவதற்கு முன்னால் தூரத்தில் நின்று பார்ப்பாரே அப்படி. ரசத்தில் ஆவி குறைந்துகொண்டே வந்தது. பாத்திரத்தைத் தொட்டுப் பார்த்தார், நகத்தால் விளிம்பைச் சுண்டினார். ணங்கென்றது. "இது எவர்சில்வரா?"

"எவர்சில்வர்தான். செண்பகம் வாங்கினது."

"மொதல்ல நீ குடி," என்றார்.

டம்ளரை எடுத்தேன். கரண்டியால் மொண்டு ஊற்றினேன், கொஞ்சம் மேஜையில் சிந்திற்று. உட்காரவில்லை, நின்றபடியே குடித்தேன். சூடு, புளிப்பு, மிளகுக் காரம், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இறங்கிற்று. கண்ணில் தண்ணீர் வந்தது. பாதியில் நிறுத்தலாமா என்று பார்த்தேன், இவர் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். முழுவதையும் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தேன். இவர் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். எனக்கு என்ன ஆகிறது என்று பார்க்கிறமாதிரி. பிறகு இடது கையால் அந்த டம்ளரை, நான் குடித்த அதே டம்ளரை, தனக்கும் ஊற்றச் சொல்லி, மேஜைமேல் மெல்ல என் பக்கம் தள்ளினார்.